பட்டறைப் பக்கம்: உருளைக்கிழங்கு பீரங்கி பத்தி வாசகர்கள் கேட்டதும் என் பதிலும்

போன மாசம் பிவிசி பைப்பு ஒட்டுற சொல்யூஷன் பத்தி ஒருத்தர் கேட்டதுக்குப் பதில் எழுதினப்போ, கடைசியா ஒரு வரி சேர்த்திருந்தேன்: வீடியோ பார்த்துட்டு உருளைக்கிழங்கு பீரங்கி செய்யப் போறவங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கன்னு. இந்த மாசம் வந்த கடுதாசி, மெயில் முக்காவாசி அந்த ஒரு வரிக்குத்தான் வந்திருக்குது. அதனால இந்தப் பக்கம் முழுக்க அதையே வெச்சுக்கலாம், மோட்டார் வைண்டிங் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

ஐயா, என் பையன் பத்தாவது படிக்கிறான். ரெண்டு வாரமா போன்ல அமெரிக்காக்காரங்க உருளைக்கிழங்கு சுடற வீடியோவாவே பார்க்கறான். வீட்டு வேலைக்கு வாங்கி மிச்சம் இருந்த 4 இன்ச் பைப்பை மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போயிருக்கான், என் மேஜை மேல இருந்த ஹேர் ஸ்ப்ரேவைக் காணோம். அவங்கப்பா அடிக்கலாம்ங்கறார். எனக்கு அடிக்கவும் மனசு வரல, விடவும் பயமா இருக்கு. – ஒரு வாசகி, திருப்பூர்

அடிக்க வேண்டாம்ங்க அம்மா. விடவும் வேண்டாம். முதல்ல அந்த ஸ்ப்ரே டப்பாவை வாங்கிப் பூட்டி வைங்க, அது இன்னிக்கே நடக்கணும், மத்ததெல்லாம் பொறுமையா பேசிக்கலாம்.

அவன் செய்யப் பார்க்கறது என்னன்னு நீங்க தெரிஞ்சுக்கிட்டா அவன்கிட்ட பேசறது சுலபம். பின்னாடி அகலமா ஒரு அறை, முன்னாடி ஒல்லியா ஒரு குழல். குழலோட வாயை அரத்துல சீவிச் சீவி கத்தி விளிம்பு மாதிரி ஆக்கிருவாங்க, ஒரு முழுக் கிழங்கை அது மேல வெச்சு உள்ளங்கையால அழுத்தினா கிழங்கு தன்னையே வட்டமா வெட்டிக்கிட்டு சர்ருனு உள்ள போய் உக்காந்துக்கும், சுத்தி இருக்கற தோலும் சதையும் வளையமா வெளிய விழுந்துடும். கிழங்குல முக்கால் பங்குக்கு மேல தண்ணிதானே, அந்தச் சாறே எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக் குடுக்கும், காத்து கசியாம அடைச்சும் குடுக்கும். இந்த ரெண்டு குணமும் கிழங்குல சேர்ந்தே இருக்கு, அமெரிக்காவுல இதுக்குப் பேரே உருளைக்கிழங்கு பேருல நின்னு போச்சு. பின் அறைக்குள்ள எரியற வாயுவை விட்டு ஒரு பொறி போட்டா, வாயு எரிஞ்சு சூடாகி விரிஞ்சு கிழங்கைத் தள்ளும்.

உங்க பையன் மனசைப் பிடிச்சது இந்தப் பொறியியல்தான், இதுல வெட்கப்படவோ பயப்படவோ ஒண்ணும் இல்ல. நல்ல புத்தி இருக்கற பையன்தான் இதைப் பார்த்துட்டு நாமும் செய்யலாம்னு பைப்பைத் தூக்குவான். ஆபத்து எங்க இருக்குன்னா, ஸ்ப்ரேல எத்தனை நொடி அடிச்சா எவ்வளவு வாயு உள்ள போச்சுன்னு யாருக்கும் கணக்குத் தெரியாது. கம்மியாப் போனாலும் தீப்பத்தாது, அதிகமாப் போனாலும் தீப்பத்தாது. தீப்பத்தலைன்னா பையன் என்ன பண்ணுவான், பைப்பை நிமித்தி உள்ள என்ன ஆச்சுன்னு கண்ணை வெச்சுப் பார்ப்பான், இல்ல பின் மூடியைத் திறந்து லைட்டரைப் பக்கத்துல கொண்டு போவான், வெளிக்காத்து கொஞ்சம் உள்ள போனதும் கலவை சரியாகி அந்த நேரம் பார்த்துப் பத்திக்கும். முகம் கருகறது, கண்ணு போறது எல்லாம் பல நேரம் அந்த ரெண்டாவது முயற்சியிலதான். கலவை அளவு என்னன்னு கேட்டு எனக்கு 4 மெயில் வந்திருக்கு, அதை நான் எழுத மாட்டேன், தயவு செஞ்சு திரும்பக் கேக்காதீங்க.

அவன்கிட்ட இப்படிப் பேசிப் பாருங்க: "நீ செய்யறதை நிறுத்தச் சொல்லல, வேற ஒண்ணு செய்யலாம், அப்பாவும் கூட உக்காருவார்." அந்த வேற ஒண்ணு என்னங்கறதைக் கீழ எழுதியிருக்கேன், அவனையே படிக்கச் சொல்லுங்க.

சார், நான் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். வாயு எரிக்கற டைப் ஆபத்துன்னு எனக்குத் தெரியும், அதனால நான் வெறும் காத்து மட்டும்தான் யூஸ் பண்ணப்போறேன், பஞ்சர் கடை கம்ப்ரசர்ல இருந்து. பைப்பு மேலயே 6 கிலோன்னு பிரின்ட் அடிச்சிருக்கு. அந்த 6-ஐத் தாண்ட மாட்டேன். இதுல என்ன தப்பு? – ஒரு மாணவர், திருச்சி

தம்பி, வந்ததுலயே முக்கியமான கேள்வி இதுதான், ஏன்னா நல்லாப் படிக்கறவங்கதான் இந்த இடத்துல ஏமாறுறாங்க.

அந்த 6 கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல 6 கிலோ அழுத்தம், தண்ணிக்குப் போட்ட அளவு. நம்ம ஊர்ல குடிதண்ணிக்குப் போற யுபிவிசி பைப்புக்கு ஐஎஸ் 4985-னு ஒரு தரக்கட்டுப்பாடு இருக்கு, அதுல சொல்ற அழுத்தம் 27 டிகிரி சூட்டுக்குத்தான். சூடு ஏற ஏற தாங்கற பலம் குறையும். சித்திரை மாசம் மத்தியானம் மொட்டை மாடியில வெயில்ல கிடந்த பைப்பைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாது, அந்தப் பைப்புல 6 கிலோ தாங்கும்னு யாரும் சொல்லல. வெயில்லயே வருஷக்கணக்குல கிடந்ததுன்னா மொறுமொறுன்னு வேற ஆகியிருக்கும்.

அதை விடப் பெருசு இன்னொண்ணு இருக்கு. நீங்களே பேப்பர் பேனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. 4 இன்ச் பைப்பு 4 அடி நீளத்துக்கு ரெண்டு பக்கமும் மூடினா ஏறக்குறைய 10 லிட்டர் பிடிக்கும். அதுல தண்ணியை நிரப்பி 6 கிலோ அழுத்தம் குடுத்தீங்கன்னா, அந்தத் தண்ணிக்குள்ள அடைஞ்சிருக்கற சக்தி 1 ஜூல் கூட வராது, ஏன்னா தண்ணி சுருங்கவே சுருங்காது. பைப்பு விட்டாலும் ஒரு 'பட்', கொஞ்சம் தண்ணி பீச்சும், அதோட சரி. அதே 10 லிட்டர்ல காத்தை 6 கிலோவுக்கு ஏத்தினா? காத்து சுருண்டு சுருண்டு ஸ்பிரிங் மாதிரி உக்காந்திருக்கும், அது திடீர்னு விரிஞ்சா வெளிய வர்ற சக்தி 4,000 ஜூலுக்கு மேல. 50 கிலோ சிமென்ட் மூட்டையை 3-வது மாடியில இருந்து கீழ போட்டா தரையில என்ன அடி விழுமோ அந்த அடி. பைப்பு அதேதான், மேல பிரின்ட் அடிச்ச எண்ணும் அதேதான், உள்ள தூங்கறது மட்டும் பல ஆயிரம் மடங்கு.

இரும்பு சிலிண்டர் விட்டா பெரும்பாலும் கிழிஞ்சு வாயைப் பிளக்கும். பிவிசி அப்படி இல்ல, கண்ணாடி மாதிரி சில்லு சில்லா தெறிக்கும், ஒவ்வொரு சில்லும் கத்தி. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பைப் பார்த்துக்கற ஓஷா 1988-லயே இதை எச்சரிச்சு அறிக்கை விட்டிருக்கு, அழுத்தக் காத்துக்குத் தரைக்கு மேல பிவிசி போடாதீங்கன்னு. பைப்பு கம்பெனிகளும் தங்க கேட்டலாக்ல காத்துக்கு யூஸ் பண்ணாதேன்னு எழுதியிருப்பாங்க, நாமதான் அந்தப் பக்கத்தைப் படிக்கறதில்ல.

நான் கண்ணால பார்த்தது ஒண்ணு சொல்றேன். நான் பிட்டரா வேலை பார்த்த காலத்துல ஒரு ஷெட்டுல புதுசா தண்ணி லைன் இழுத்தாங்க, டேங்க்ல தண்ணி வரல, சாயந்திரத்துக்குள்ள டெஸ்ட் முடிக்கணும்னு அவசரம், கம்ப்ரசர் பக்கத்துலயே நிக்குது, காத்துல டெஸ்ட் பண்ணிருவோம்னு ஒருத்தர் ஹோஸை மாட்டிட்டார். கேஜ் முள்ளு 4-ஐத் தாண்டி ஏறிட்டிருந்துச்சு, நானு டீ வாங்க வெளிய போய்ட்டுத் திரும்பறேன், வெடிச் சத்தம். பைப்பை வளைச்சு இணைக்கற ஒரு எல்போ விட்டுப் போச்சு. உள்ளங்கை அளவு ஒரு துண்டு மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் குத்திக்கிட்டு நின்னுட்டு இருந்துச்சு, நிமிந்து பார்த்தா அந்த ஓட்டை வழியா வானம் தெரியுது. அந்த எல்போ பக்கத்துல ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஹெல்ப்பர் பையன் குந்தி உக்காந்திருந்தான், பீடி பத்த வைக்க எந்திரிச்சுப் போயிருந்தான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பிளம்பர்ங்க லைன் டெஸ்ட்டுக்குத் தண்ணியைத்தான் ஏத்தறாங்கன்னா அது பழக்கதோஷம் இல்லைங்க, உசுருக்காக வந்த வழக்கம்.

உங்களுக்கு இந்தத் துறையில நிஜமாவே ஆசை இருந்தா, காத்து பீரங்கின்னா விளையாட்டுச் சாமான் மட்டும்தான்னு நினைக்காதீங்க. விமானத்துல பறவை மோதினா கண்ணாடி தாங்குமான்னு பார்க்க, செத்த கோழியை அழுத்தக் காத்துல சுட்டுப் பார்க்கற பீரங்கி பல வருஷமா இருக்கு. 2003 பிப்ரவரி 1-ந் தேதி கொலம்பியா விண்கலம் உடைஞ்சு நம்ம கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் போனாங்க இல்லையா, அதுக்கு என்ன காரணம்னு கடைசியா எல்லாரையும் ஒத்துக்க வெச்சது இந்த மாதிரி ஒரு பீரங்கிதான். டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுல இருக்கற ஆராய்ச்சி நிலையத்துல, அழுத்தின நைட்ரஜனால சுடற துப்பாக்கி, அதுல முக்கால் கிலோ அளவுக்கு ஒரு நுரைத் துண்டு, நம்ம மெத்தை ஸ்பாஞ்சு மாதிரி லேசானது, அதை மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல இறக்கையோட முன் விளிம்புப் பலகை மேல சுட்டாங்க, 2003 ஜூலை மாசம். ஸ்பாஞ்சு போய் பலகையை என்ன பண்ணும்னு பல பேர் நம்பாமத்தான் நின்னாங்க. சுமார் 16 அங்குலத்துக்கு ஓட்டை விழுந்துச்சு. விண்கலம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியில இருந்து பிச்சுக்கிட்டு வந்த நுரை இறக்கையை உடைக்க முடியும்ங்கறது அன்னிக்குத்தான் மறுக்க முடியாததாச்சு.

அது மாதிரி பண்ண ஆசைப்படுங்க. உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஆசிரியரைப் பிடிங்க, அழுத்தம் தாங்கற ஸ்டீல் தொட்டி, தண்ணி ஏத்தி ஹைட்ரோ டெஸ்ட் பண்ணினது, சேஃப்டி வால்வோட, தடுப்புச் சுவருக்குப் பின்னாடி நின்னு. எழுதிக் கேட்டுப் பாருங்க, பத்துல ஒரு ஆசிரியராவது சரின்னு சொல்வார்.

உருளைக்கிழங்கைச் சுடணும்னு முதல்ல யாருக்குங்க தோணுச்சு? – ஒரு வாசகர், மதுரை

முதல் ஆள் யாருன்னு பேரு சொல்றது கஷ்டம், ஆனா ஒரு நல்ல கதை இருக்கு. இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் கேம்போர்ன்னு ஒரு ஊரு, சுரங்கத்துக்குப் பாறை துளைக்கற காத்து மெஷின் செய்யற ஹோல்மன் பிரதர்ஸ்னு ஒரு கம்பெனி. ரெண்டாம் உலகப் போர்ல சரக்குக் கப்பல்களை ஜெர்மன் விமானம் தாழப் பறந்து வந்து அடிக்குது, கப்பல்ல வைக்கப் போதுமான பீரங்கி இல்ல. இவங்களுக்குத் தெரிஞ்சது காத்து, சரி அதுலயே செய்வோம்னு 1940-ல ஒரு குழாய் செஞ்சாங்க, அழுத்தக் காத்தாலயோ கப்பல் பாய்லர் நீராவியாலயோ கையெறி குண்டை மேல தூக்கிப் போடும். சர்ச்சிலுக்குச் செஞ்சு காட்டப் போன அன்னிக்கு குண்டு எடுத்துட்டு வர மறந்து பீர் பாட்டிலை வெச்சுச் சுட்டுக் காட்டினதா சொல்வாங்க. கடல்ல வேலை இல்லாத நேரத்துல மாலுமிங்க அதுல உருளைக்கிழங்கைப் போட்டுப் பக்கத்துக் கப்பல் மேல சுட்டு விளையாடுவாங்களாம். விமானத்தை அடிச்சதை விட, இப்படியும் ஒண்ணு எங்ககிட்ட இருக்குன்னு மாலுமிங்களுக்குத் தைரியம் குடுத்ததுதான் அதிகம்.

நம்ம நாட்டுலயே இதோட சின்னத் தங்கச்சி உண்டு. சத்தீஸ்கர் பஸ்தர்ல, ஜெகதல்பூர் கோன்ச்சா திருவிழாவுல தேர் வரும்போது ஜனங்க 'துப்கி'ன்னு ஒரு மூங்கில் துப்பாக்கியில பெங்குங்கற சின்னக் காயைப் போட்டு டப்பு டப்புனு சுடுவாங்க. முன்னாடி ஒரு காய் அடைச்சிருக்கும், பின்னாடி இன்னொரு காயைக் குச்சியால தள்ளுவாங்க, நடுவுல காத்து நசுங்கி முன் காயைத் தூக்கி எறியும். நெருப்பும் இல்ல, தொட்டியும் இல்ல, கை பலம் எவ்வளவோ அவ்வளவுதான் வேகம். உருளைக்கிழங்கு பீரங்கிக்கும் இதுக்கும் விதி ஒண்ணு, அளவுதான் வேற.

அண்ணா, நாங்க பென்சில்வேனியாவுல இருக்கோம். ஜூலை 4-க்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் கராஜ்ல செஞ்ச பீரங்கியை எடுத்துட்டு வந்து வயல்ல சுடறார், எங்க 2 பசங்களையும் கூப்பிடறார். இங்க இது சட்டப்படி சரியா? அனுப்பலாமா? – ஒரு வாசகர்

அங்க இது நிஜமாவே ஒரு பண்பாடு தம்பி. கராஜ்ல ஒரு பெஞ்ச், சுவர்ல வரிசையா டூல்ஸ், அப்பாவும் பையனும் சனிக்கிழமை முழுக்க எதையோ அறுத்து ஒட்டிட்டு இருக்கறது, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி, நம்ம வீடுகள்ல கம்மியா இருக்கேன்னு ஏங்கற காட்சியும் கூட. டெலவேர் மாநிலத்துல 1986-ல ஆரம்பிச்சு பூசணிக்காயை எறியற போட்டி நடத்தினாங்க, லாரி மேல ஏத்தின காத்து பீரங்கிங்க பூசணியை முக்கால் மைலுக்கு மேல வீசும். அனுபவசாலிங்க, இரும்புத் தொட்டி, கயிறு கட்டின எல்லை, எல்லாம் இருந்தும் 2016-ல ஒரு பீரங்கியோட இரும்புப் பாகம் பிச்சுக்கிட்டுப் பறந்து ஒரு அம்மாவுக்குப் பலத்த காயம். அதை மனசுல வெச்சுக்கங்க.

சட்டம்னு பார்த்தா, துப்பாக்கி, வெடிபொருள் விஷயங்களைப் பார்த்துக்கற அமெரிக்க மத்திய அரசோட ஏடிஎஃப் துறை, கிழங்கை விளையாட்டுக்குச் சுடற கருவியைப் பொதுவா துப்பாக்கின்னு கணக்கு வைக்கறதில்ல. ஆனா மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊரு விதி மாறும், உங்க டவுன்ஷிப்ல ஒரு போன் போட்டுக் கேளுங்க. பசங்களை அனுப்பறது பத்தி, அவர்கிட்ட மரியாதையா 3 விஷயம் கேளுங்க: அறை எதுல செஞ்சது, யாரு எங்க நின்னு பத்த வைப்பாங்க, எல்லாருக்கும் கண்ணாடி இருக்கா. பொறுப்பான ஆளா இருந்தா சந்தோஷமா பதில் சொல்வார். பிவிசின்னு சொன்னா நல்லா தள்ளி நின்னு பார்க்கறதோட நிறுத்திக்கங்க, பசங்க கைல குடுக்க வேண்டாம்.

நம்ம ஊர்ல செஞ்சா போலீஸ் பிடிக்குமா? கிழங்குதானே? – ஒரு வாசகர், ஈரோடு

1959 ஆயுதச் சட்டத்துல துப்பாக்கின்னா என்னங்கறதுக்கு ஒரு விளக்கம் இருக்கு: வெடிமருந்தாலயோ வேற எந்த வகை சக்தியாலயோ எந்த விதமான எறிபொருளையும் வீசற மாதிரி வடிவமைச்சது. "வேற எந்த வகை சக்தி", "எந்த விதமான எறிபொருள்". கிழங்குன்னு தப்பிக்க அதுல இடம் எனக்குத் தெரியல. கடையில விக்கற ஏர் கன்னுக்குக் கூட 20 ஜூல் சக்தியைத் தாண்டினா லைசென்ஸ் வேணும்னு 2016 விதிகள் சொல்லுது.

இப்போ கிழங்குக் கணக்கைப் பாருங்க. 150 கிராம் கிழங்கு, நொடிக்கு 40 மீட்டர் வேகம்னு வெச்சுக்குவோம், 120 ஜூல் வருது, அதாவது அந்த அளவைப் போல 6 மடங்கு. கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம், ஒரு வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டர் வேகத்துல போட்டா அதுவும் கிட்டத்தட்ட இதே 120 ஜூல்தான். ஹெல்மெட், பேடு, கிளவுஸ் எல்லாம் போட்டு, பந்து வர்றதைக் கண்ணால பார்த்துக்கிட்டு நிக்கற ஆளுக்கே பயம். தெருவுல நடந்து போற பாட்டிக்கு அது எங்கிருந்து வருதுன்னே தெரியாது. காத்துத் தடை போகக் கூட 100 மீட்டர் தாண்டி விழும்ங்க, ஈரோட்டுல எந்தத் தெருவுல 100 மீட்டருக்கு ஆள் இல்லாம இருக்கு?

காட்டுப்பன்னியும் மயிலும் நிலக்கடலையைத் தின்னுட்டுப் போகுது. வடக்க கார்பைடு துப்பாக்கின்னு 200 ரூபாய்க்கு விக்குதாம், கல்லைப் போட்டுத் தண்ணி ஊத்தினா வெடிச் சத்தம் வருதாம். நாமளே செஞ்சுக்கலாமா? – ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி

வேண்டாங்க அண்ணா. கை எடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். கார்பைடு கல்லு மேல தண்ணி பட்டா அசிட்டிலீன் வாயு வரும், வெல்டிங்குக்கு யூஸ் பண்ற அதே வாயு. பெட்ரோல் ஆவி, சமையல் கேஸ் எல்லாம் காத்தோட ஒரு குறிப்பிட்ட அளவுல கலந்தாத்தான் பத்தும். அசிட்டிலீன் அப்படி இல்ல, 100-க்கு 2.5 பங்கு இருந்தாலும் பத்தும், 80 பங்கு இருந்தாலும் பத்தும். தப்பான கலவைன்னே அதுக்குக் கிடையாது, அதனால எப்ப வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்துல, போபால் சுத்துப்பட்டுல இந்த பைப்பு துப்பாக்கியால நூத்துக்கு மேல ஜனங்களுக்குக் கண்ணுல காயம், பாதிக்கு மேல குழந்தைங்க, சிலருக்குப் பார்வையே போச்சு. சத்தம் வரலையேன்னு பைப்புக்குள்ள எட்டிப் பார்த்தவங்கதான் நிறைய.

இன்னொரு விஷயமும் இருக்கு. வாயு வந்தப்புறம் மிச்சம் நிக்கற வெள்ளைக் குழம்பு என்ன? சுண்ணாம்பு. வெடிக்கும்போது நெருப்போட சேர்ந்து அதுவும் கண்ணுக்குள்ள போகுது. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவின விரல் குழந்தை கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு நம்ம பாட்டிங்க எவ்வளவு பதறுவாங்க, அந்தச் சுண்ணாம்புதான், இங்க சுடச்சுட. அப்படி யாருக்காவது பட்டுட்டா தேய்க்க விடாதீங்க, தாய்ப்பால், விளக்கெண்ணெய்னு எதுவும் விடாதீங்க, இமையைப் பிரிச்சுப் பிடிச்சு நல்ல தண்ணியை நிறுத்தாம அரை மணி நேரம் ஊத்திக் கழுவுங்க, உடனே கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. முதல் சில நிமிஷத்துல ஊத்தற தண்ணிதான் கண்ணைக் காப்பாத்தும்.

பன்னிக்கு வேலிதான் வழி, வனத்துறையில நஷ்ட ஈட்டுக்கும் எழுதிப் போடுங்க. மயில் மேல கை வெச்சா வன உயிர்ச் சட்டத்துல பெரிய கேஸ் ஆயிடும்.

மாமா, நான் 9-வது படிக்கிறேன். எனக்குத் துப்பாக்கி எல்லாம் வேண்டாம், ஆனா எனக்குன்னு ஒரு சின்னப் பட்டறை வேணும். அம்மா மாடிப்படிக்குக் கீழ இடம் தர்றேன்னு சொல்லிட்டாங்க. முதல்ல என்ன வாங்கணும்? – ஒரு மாணவி, தஞ்சாவூர்

கண்ணு, இந்த மாசம் எனக்கு மனசு நிறைஞ்ச கடுதாசி உன்னோடதுதான்.

முதல்ல பாதுகாப்புக் கண்ணாடி. டூல் எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி அது. பக்கவாட்டுலயும் மறைக்கிற மாதிரி, அடி தாங்கும்னு போட்டிருக்கறதாப் பார்த்து வாங்கு. அப்புறம் சாமானை இறுக்கிப் பிடிக்கற பெஞ்ச் வைஸ் ஒண்ணு, 3 இன்ச் போதும், ஆனா கனமான பலகையில போல்ட் போட்டு இறுக்கணும், வைஸ் ஆடினா உன் வேலையும் ஆடும். ஹேக்சா, அதாவது இரும்பு அறுக்கற ரம்பம் ஒண்ணு, பிளேடு இன்ச்சுக்கு 24 பல்லு, பல்லு முன்னாடி பார்க்கற மாதிரி மாட்டு. ஒரு தட்டை அரம், ஒரு அரைவட்ட அரம், அரத்துக்குக் கட்டாயம் மரப் பிடி போடணும், பிடி இல்லாத அரம் உள்ளங்கையில ஏறிடும். மூலை மட்டம், ஸ்டீல் ஸ்கேல், ஒரு சுத்தியல். மின்சார டூல் எதுவும் இந்த வருஷம் வேண்டாம், கை பழகட்டும்.

முதல் வேலை நான் குடுக்கறேன், ஒரு துண்டு பைப்பை நேரா அறுக்கணும். கேக்க சுலபமா இருக்கும், செஞ்சு பாரு, ஹேக்சா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும். அதுக்கு ஒரு வழி இருக்கு. பழைய காலண்டர் தாளை நேர் விளிம்பா கிழிச்சுப் பைப்பைச் சுத்து, ரெண்டு சுத்து வரட்டும், தாளோட விளிம்பு விளிம்பு மேலயே சரியா வந்து உக்காரணும், உக்காந்துச்சுன்னா அது பைப்புக்கு நேர் குறுக்கு வட்டம், வேற மட்டமே தேவையில்ல. விளிம்பை ஒட்டி மார்க்கர்ல கோடு போடு. இப்போ ஒரே பக்கத்துல இருந்து அறுக்காத. கோட்டு மேல கொஞ்சம் அறு, பைப்பை உன் பக்கமா கொஞ்சம் திருப்பு, திரும்ப அறு, இப்படி சுத்திச் சுத்தி வந்தா வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளமே பிளேடை வழி நடத்தும். அறுத்து முடிச்சதும் உள் விளிம்புல இருக்கற பிசிறை அரைவட்ட அரத்தால எடுத்துடு. அறுத்த முனையைக் கண்ணாடி மேல நிறுத்தி வெச்சு வெளிச்சத்துக்குப் பாரு, அடியில வெளிச்சம் தெரியலைன்னா நீ ஜெயிச்சுட்ட. எனக்கு அது வர 2 வாரம் ஆச்சு.

ஒட்டறதுக்குச் சொல்யூஷன் யூஸ் பண்ணும்போது வெளியில காத்தோட்டமான இடத்துல உக்காந்து பண்ணு. அது பசை இல்ல, பிளாஸ்டிக்கையே கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்குது, அதனாலதான் சொருகும்போது கால் சுத்து திருப்பி அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், விட்டா தானே வெளிய தள்ளிட்டு வந்துடும். அப்புறம் தோட்டத்துக்குச் சொட்டுத் தண்ணி லைன் ஒண்ணு போடு, தண்ணி விட்டு எந்த ஜாயின்ட்ல கசியுதுன்னு பாரு, கசிஞ்ச ஜாயின்ட்டை அறுத்துத் திருப்பிப் போடு. அடுத்த வருஷம் எனக்கு எழுது.

எங்க பேரனுக்கு 8 வயசு, பேத்திக்கு 13. ரெண்டும் "சுடணும் சுடணும்"ங்குது. ஆபத்து இல்லாம எதையாவது சுட வழி சொல்லுங்க. – ஒரு தாத்தா, நாகர்கோவில்

ஐயா, ரெண்டு பேருக்கும் ரெண்டு வழி சொல்றேன், திருப்பூர்ப் பையனுக்கும் இதுதான்.

பேத்திக்குத் தண்ணி ராக்கெட். சோடா வந்த 2 லிட்டர் பாட்டில் எடுத்துக்கங்க, வெறும் குடிதண்ணி பாட்டில் வேண்டாம், சோடா பாட்டில்தான் உள் அழுத்தம் தாங்கறதுக்குன்னே செஞ்சது, சுருக்கமும் கீறலும் இல்லாததா இருக்கணும். மூணுல ஒரு பங்கு தண்ணி. வாய்க்கு இறுக்கமா ஒரு ரப்பர் கார்க், அதோட நடுவுல ஓட்டை போட்டுப் பழைய சைக்கிள் டியூப் வால்வு. இந்தக் கார்க்தான் பாதுகாப்பே, ஏன்னா அழுத்தம் கூடினதும் அதுவே வழுக்கிப் பிடுங்கிக்கும், பாட்டில் தாங்கற அளவுக்குப் பக்கத்துல கூடப் போகாது. கம்பி போட்டுக் கட்டி, கிளிப் போட்டு அதை நிறுத்தி வைக்காதீங்க. கவுத்து நிக்கற மாதிரி ஒரு ஸ்டாண்டு, நீளமான ஹோஸ், 5 மீட்டர் தள்ளி நின்னு கை பம்பு, எல்லார் கண்ணுக்கும் கண்ணாடி, பாட்டில் மேல யாரும் குனியக் கூடாது, கம்ப்ரசர் கிட்டவே கொண்டு போகாதீங்க. தண்ணியே ஊத்தாம ஒரு தடவை விடுங்க, பாதி ஊத்தி ஒரு தடவை, மூணுல ஒரு பங்கு ஊத்தி ஒரு தடவை, எது உசரம் போகுதுன்னு பேத்தியையே நோட்டுல எழுதச் சொல்லுங்க.

பேரனுக்குப் புகை வளையம். பழைய பெயின்ட் வாளி ஒண்ணு, அடிப்பக்கம் நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா ஓட்டை, மேல் வாய்க்குக் கெட்டியான பாலிதீன் ஷீட்டை உடுக்கைத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி டேப் ஒட்டணும். அந்த ஓட்டையைச் சாம்பிராணிப் புகைக்கு மேல கொஞ்ச நேரம் பிடிச்சா வாளிக்குள்ள புகை நிரம்பும். நெருப்புத் தட்டு உங்க கையிலயே இருக்கட்டும், பேரன் கிட்ட குடுக்காதீங்க. ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்திட்டு, ஷீட்டை விரலால ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்க, ஓங்கி அடிக்க வேண்டாம். ஓட்டையில இருந்து வடை மாதிரி ஒரு வெள்ளை வளையம் சுத்திக்கிட்டே கிளம்பி, கலையாம அறையைக் கடந்து போகும். 6 அடி தள்ளி மெழுகுவத்தி ஒண்ணை ஏத்தி வெச்சு, அதைக் குறி பார்த்துத் தட்டச் சொல்லுங்க, பேரன் முதல் 10 தடவை விடுவான், 11-வதுல அணையும்.